அதிர்வெண் கணிப்பு தடுமாறினால் எங்கே பார்ப்பது: சேலம், ஏற்காடு அமைப்புகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக கிரிட் (நாடு முழுக்க இணைந்த மின்கட்டமைப்பு) அதிர்வெண்ணை, அதாவது மின் அலை விநாடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை, முன்கூட்டிக் கணிக்கும் மெஷின் லேர்னிங் மாடல் செய்கிறவர்களுக்கும், ஏற்காட்டு எஸ்டேட்டில் ஒரு பேட்டரியை அந்தக் கணிப்போடு இணைத்து ஓட்ட நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அமைப்பு ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு வீட்டு பிளக் பாயின்ட்டில் ஒரு மீட்டர், மலைமேல் காபி எஸ்டேட்டில் இன்னொன்று, இரண்டிலிருந்தும் விநாடிக்கு ஓர் அளவு வந்து சேரும் சின்னக் கணினி, அதற்குள் மாடல், எஸ்டேட் பக்கம் 5 கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டர்.

கணிப்பு சரியில்லை என்றதும் கை நேராக மாடலுக்குத்தான் போகிறது. அடுக்கைக் கூட்டுவோம், கற்றல் வேகத்தைக் குறைப்போம், எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற மாடலை எடுத்துவிட்டு எல்.எஸ்.டி.எம். என்ற இன்னொன்றைப் போடுவோம். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் மீட்டர், பிறகு கடிகாரம், பிறகு கிரிட்டின் இயற்பியல், இவையெல்லாம் சரி என்று தெரிந்த பிறகு மாடல். கீழே இருக்கும் அறிகுறிகளையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

சில எண்கள் மட்டும் மனதில் இருக்கட்டும். நம் கிரிட்டின் இலக்கு 50 ஹெர்ட்ஸ். அது நிற்க வேண்டிய பட்டை 49.90 முதல் 50.05 வரை. மொத்த அகலம் 0.15 ஹெர்ட்ஸ். இதற்குள் நடக்கிற அசைவைத்தான் கணிக்கப் போகிறோம் என்பதால், அளவில் 0.05 பிழை வந்தாலே வேலை கெட்டுவிடும்.

இன்னொன்று. மீட்டரைத் திறந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், 230 வோல்ட்டை நேரடியாக மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் கொண்டுவராதீர்கள். நடுவில் 9 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதிர்வெண் அளக்க அதுவே போதும்.

அறிகுறி: சேலத்து மீட்டரும் ஏற்காட்டு மீட்டரும் ஒத்துப்போகவில்லை

வோல்ட்டேஜ் இடத்துக்கு இடம் மாறும். ஏற்காட்டில் ஃபீடரின் (துணைமின் நிலையத்திலிருந்து வரும் விநியோக லைனின்) கடைக்கோடியில் 190 வோல்ட் இருக்கும்போதே சேலத்தில் 235 இருக்கலாம். அதிர்வெண் அப்படி மாறாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. அன்றிலிருந்து மேட்டூர் அனல்மின் நிலையத்து ஜெனரேட்டரும் குஜராத்தில் ஓடும் ஜெனரேட்டரும் ஒரே அதிர்வெண்ணில்தான் மின்சாரம் தருகின்றன. எங்கேயாவது மின்நிலையத்தின் பெரிய ஜெனரேட்டர் யூனிட் ஒன்று டிரிப் ஆகி நின்றால் சில விநாடிகளுக்கு ஊருக்கு ஊர் மிகச் சிறிய வித்தியாசம் தெரியும். ஒரு நிமிடச் சராசரி எடுத்தால் அதுவும் மறைந்துவிடும். நிமிடச் சராசரியிலும் இரண்டு மீட்டரும் வேறுபட்டால் கிரிட்டைச் சந்தேகிக்க வேண்டாம், மீட்டரைப் பாருங்கள்.

அந்த வேறுபாடு எந்த வடிவத்தில் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

எப்போதும் ஒரே அளவு தள்ளி நின்றால், காரணம் மீட்டருக்குள் இருக்கும் கடிகாரம். ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகைகளில் பிரதான சில்லுக்குக் கடிகாரம் தருவது செராமிக் ரெசனேட்டர். அதன் பிழை 0.5 சதவீதம் வரை போகலாம். 50-க்கு 0.5 சதவீதம் என்றால் 0.25 ஹெர்ட்ஸ், நம் பட்டையின் மொத்த அகலத்தைவிட அதிகம். குவார்ட்ஸ் படிகமாக இருந்தால், 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை இருந்தாலும் 0.0025 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சில்லின் உள்ளேயே இருக்கும் ஆர்.சி. கடிகாரத்தை நம்பி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

மதியம் கூடி இரவில் குறையும் வேறுபாடு என்றால், வெப்பநிலை. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாத மதியத்தில் சேலத்து மாடி அறையில் இருக்கும் மீட்டரும் மலைமேல் இருக்கும் மீட்டரும் வேறு வேறு சூட்டில் வேலை செய்கின்றன, ரெசனேட்டரும் அதற்கேற்ப நகர்கிறது. ஜி.பி.எஸ். மாட்யூல் விநாடிக்கொரு துடிப்பு தரும். அந்தத் துடிப்பைக் கொண்டு கடிகாரத்தைத் தொடர்ந்து திருத்தினால் நிரந்தரப் பிழையும் வெப்பப் பிழையும் சேர்ந்தே போய்விடும். எஸ்டேட்டில் சில்வர் ஓக் நிழலில் ஆன்டெனாவை வைத்தால் சிக்னல் அறுந்து அறுந்து வரும். வானம் தெரிகிற கூரைக்குக் கொண்டுபோங்கள்.

வேறுபாடு திடீர் ஊசிகளாக வந்தால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீட்டுத் தயாரிப்பு மீட்டர்கள், மின் அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தை வைத்துத்தான் அதிர்வெண்ணைக் கணக்கிடுகின்றன. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. அந்த ஒரே சுற்றில் 0.01 ஹெர்ட்ஸ் துல்லியம் வேண்டுமென்றால் நேரத்தை 4 மைக்ரோ விநாடிக்குள் அளக்க வேண்டும். 50 சுற்றைச் சேர்த்து ஒரு விநாடிக்கு ஒன்றாக அளந்தால் 200 மைக்ரோ விநாடி போதும். இரும்பு உருக்கும் தூண்டல் உலைகள் உள்ள பகுதியில் மின் அலை நல்ல வளைவாக வராது, ஹார்மானிக்ஸ் (50-இன் மடங்குகளில் வரும் வேகமான அலைகள்) கலந்து வரும். அங்கே பூஜ்யத்தை ஒரே சுற்றில் இரண்டு மூன்று முறை கடந்ததாக மீட்டர் எண்ணிவிடும். மீட்டருக்கு முன்னால், அந்த வேகமான அலைகளை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர் ஒன்றை வையுங்கள். ஒரு சுற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இன்னொரு வகை ஊசி இதைவிடத் தந்திரமானது. பக்கத்து லைனில் ஷார்ட் ஆகி பிரேக்கர் திறந்து மூடும்போது வோல்ட்டேஜின் கட்டம் (அலை தன் சுற்றில் இருக்கும் இடம்) சட்டென்று நகரும். அதிர்வெண் மாறியிருக்காது. ஆனால் பூஜ்யத்தை எண்ணும் மீட்டருக்கு அது 47 ஹெர்ட்ஸ் போலவோ 53 ஹெர்ட்ஸ் போலவோ தெரியும். இது வீட்டு மீட்டருக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்ட் 16 அன்று கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயால் உயரழுத்த லைன்களில் கோளாறு ஏற்பட்டபோது ஏறக்குறைய 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் கிரிட்டிலிருந்து விலகியது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம், இன்வெர்ட்டர்கள் அந்தக் கட்ட நகர்வை அதிர்வெண் வீழ்ச்சி என்று தவறாகப் படித்ததுதான். கோடி கோடியாகச் செலவழித்து நிறுவிய கருவிகளே அப்படிப் படித்தன என்றால், ஏற்காட்டுக்கு ஏறும் லைனில் மழைக்காலத்தில் மரக்கிளை உரசும்போதெல்லாம் உங்கள் மீட்டரும் அப்படித்தான் படிக்கும். இதற்கு நம்பகமான சோதனை மற்ற மீட்டர்தான். ஊசி சேலத்திலும் தெரிந்தால் அது பெரிய லைனிலோ கிரிட்டிலோ நடந்தது. மலையில் மட்டும் தெரிந்தால் அந்த ஃபீடரின் சங்கதி, பயிற்சித் தரவிலிருந்து எடுத்துவிடுங்கள். சேலத்துக்கும் தூரமான ஊரில் மூன்றாவது மீட்டர் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

ஏற்காட்டு மீட்டர் திடீரென்று 51.5, 52 என்று காட்டி, அங்கேயே மணிக்கணக்கில் நின்றால்? கரண்ட் போய் எஸ்டேட்டின் டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது. லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸில் ஓடி, முழு லோடில் 50-க்கு இறங்கும்படி ஜெனரேட்டரை அமைப்பது வழக்கம். அதற்கு நேர்மாறாக, கோடு அசையாமல் 50.000-இல் நின்றால், மீட்டர் யு.பி.எஸ். வெளியீட்டில் மாட்டியிருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் தன் சொந்தக் கடிகாரத்தில் 50 ஹெர்ட்ஸை உண்டாக்குகிறது, கிரிட்டுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் நாட்களில் காலை 9 மணிக்குத் தொடங்கும் அழகான நேர்கோடு உங்கள் தரவில் இருந்தால் இதுதான் காரணம். இந்த நேர்கோடுகள் மாடலுக்கு மிகவும் கெடுதல். 'காலை 9 மணிக்குமேல் கிரிட் அமைதியாக இருக்கும்' என்று அது கற்றுக்கொண்டுவிடும். கணினிக்கு யு.பி.எஸ். கொடுங்கள். மீட்டரின் உணரும் முனை மட்டும் நேரடி லைனில் இருக்கட்டும்.

அறிகுறி: கால்மணிக்கு ஒரு முறை கணிப்பு தவறுகிறது

இது கோளாறே இல்லை, கிரிட்டின் இயல்பு. நம் நாட்டில் ஒரு நாள் 15 நிமிடம் கொண்ட 96 தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த மின்நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்ற அட்டவணை தவணைக்குத் தவணை படியாக மாறும். ஆனால் நாம் போடும் லைட்டும் மோட்டாரும் படியாக மாறுவதில்லை, சீராக ஏறி இறங்குகின்றன. படிக்கும் சரிவுக்கும் இடையில் விழும் இடைவெளிதான் 00, 15, 30, 45 நிமிடங்களில் அதிர்வெண்ணில் பல்லாகத் தெரிகிறது. மணி மாறும் இடத்தில் அது இன்னும் பெரிதாக இருக்கும். தவணையின் எத்தனையாவது நிமிடம், நாளின் எத்தனையாவது தவணை என்ற இரண்டையும் உள்ளீடாகக் கொடுங்கள். எவ்வளவு ஆழமான மாடலாக இருந்தாலும் இந்த இரண்டு இல்லாமல் தடுமாறும். இருந்தால் எளிய மாடலே நன்றாகச் செய்யும்.

கொடுத்த பிறகும் மாலை நேரக் கணிப்பு மட்டும் அபத்தமாக இருந்தால், நேர மண்டலத்தைப் பாருங்கள். உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கும் நம் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அது சரியாக 22 தவணைகள். அதனால் ஒரு மீட்டர் யு.டி.சி.யில் பதிவு செய்தாலும் கால்மணி எல்லைகள் கச்சிதமாகப் பொருந்திவிடும், கடிகாரம் சரி என்று நம்பிவிடுவோம். ஆனால் மணி எல்லை அரைமணியில் போய் விழும், மாலை 6 மணி 12:30 என்று பதிவாகும். ஒரு மாதத் தரவை நாளின் நேரவாரியாகச் சராசரி எடுத்து இரண்டு மீட்டருக்கும் ஒரே தாளில் வரையுங்கள். ஐந்தரை மணி நகர்ந்திருந்தால் கண்ணிலேயே தெரியும்.

கடிகாரத்தில் இன்னொரு பொறி உண்டு. ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், இணையத்திலிருந்து நேரம் கிடைக்கும்வரை பழைய நேரத்திலேயே ஓடும். மலையில் மூடுபனியும் மழையுமாக நெட்வொர்க் இல்லாத நாளில் அது மணிக்கணக்காக நீளும். அந்த நேரத்துத் தரவு முழுக்கத் தவறான முத்திரையோடு பதிவாகும், கோப்பில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. டி.எஸ். 3231 கடிகாரச் சில்லு ஒன்றை மாட்டினால் தீரும். பழைய தரவில், நேரம் பின்னோக்கிப் போகும் இடங்களையும் திடீரென்று பெரிதாக முன்னால் குதிக்கும் இடங்களையும் தேடி, அவற்றை ஒட்டிய பகுதிகளை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி: ஆர்-ஸ்கொயர்டு 0.99 வருகிறது, ஆனால் கணிப்பால் பயன் இல்லை

ஆர்-ஸ்கொயர்டு என்பது கணிப்பு உண்மையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற மதிப்பெண், 1 என்றால் முழுப் பொருத்தம். ஒரு விநாடி முன்னோக்கிக் கணித்தால் யாருக்கும் 0.99 வரும். அதிர்வெண் ஒரு விநாடியில் அவ்வளவாக மாறாது, போன விநாடியின் மதிப்பையே திருப்பிச் சொன்னாலும் அதே மதிப்பெண்தான். எனவே ஒப்பீட்டு அளவுகோல்களை முதலில் வையுங்கள். சில விநாடிக் கணிப்புக்கு 'இப்போதைய மதிப்பே தொடரும்' என்பது ஒப்பீடு. கால்மணிக் கணிப்புக்கு அந்த நேரத்தின் நாள்வாரிச் சராசரி. எல்லாவற்றுக்கும் கீழே 'எப்போதும் 50.00' என்ற முட்டாள் கணிப்பையும் வையுங்கள். இந்த மூன்றையும் மாடல் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஒற்றை எண்ணைக் கணிப்பதையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கிரிட்டை இயக்குபவருக்கு வேண்டியது அடுத்த கால்மணியில் 49.90-க்குக் கீழே போக எவ்வளவு வாய்ப்பு என்பது. பட்டையும் சமமாக இல்லை, மேலே 0.05, கீழே 0.10. குவான்டைல் கணிப்பு (இந்தக் கோட்டுக்குக் கீழே போக இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்வது) செய்து, 5 சதவீதக் கோடும் 95 சதவீதக் கோடும் உண்மையிலேயே அந்த விகிதத்தில் மீறப்படுகின்றனவா என்று சரிபாருங்கள். சராசரிப் பிழை சின்னதாக இருந்து, வால்பகுதி முழுக்கத் தவறாக இருக்கும் மாடல்கள் நிறைய.

அறிகுறி: டெஸ்ட்டில் பிரமாதம், நேரலையில் ஒன்றுமில்லை

எதிர்காலம் எங்கேயோ பயிற்சிக்குள் கசிந்திருக்கிறது. நான்கு இடங்களைப் பாருங்கள். தரவைக் கலைத்துப்போட்டுப் பயிற்சி, சோதனை என்று பிரித்திருந்தால், சோதனை விநாடியின் இருபுறத்து விநாடிகளும் பயிற்சியில் இருக்கும். தேதி வாரியாக மட்டுமே பிரிக்க வேண்டும், நடுவில் சில நாள் இடைவெளியும் விட வேண்டும். நகரும் சராசரியை நடுவிலிருந்து எடுத்திருந்தால் அதில் பாதி எதிர்காலம். விடுபட்ட அளவுகளை இரு பக்கமும் பார்த்து நிரப்பியிருந்தாலும் அதே கதை. நான்காவது இடம்தான் கண்ணில் படாதது. வேவ்லெட் போன்ற முறையில் முழுத் தொடரையும் வேகமான அசைவு, மெதுவான அசைவு என்று முதலிலேயே பிரித்துவிட்டு, பிறகு பயிற்சி, சோதனை என்று வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் பின்னால் வருவதன் சாயல் இருக்கும். கல்லூரி ப்ராஜெக்ட்களில் வரும் நம்ப முடியாத துல்லியங்களில் பல இப்படித்தான் வருகின்றன. சோதிக்க ஒரே வழி, பழைய தரவை விநாடிக்கு விநாடி நேரலை போலவே ஊட்டிப் பார்ப்பது.

அறிகுறி: சாதாரண நாளில் சரி, பெரிய சம்பவத்தில் கைவிடுகிறது

அதிர்வெண் கணிப்பின் உண்மையான சோதனை இதுதான். இங்கே மாடலைக் குறை சொல்லிப் பயனில்லை, அது பார்க்காததை அதனால் சொல்ல முடியாது.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, 9 நிமிடம் விளக்கணைக்கும்படி நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். லோடு 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறைந்தது சுமார் 31,000 மெகாவாட். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் ஊசலாடியது, பட்டை இரு பக்கமும் மீறப்பட்டது. தாங்கிப் பிடித்தது முன்கூட்டியே தயாராக வைத்திருந்த நீர்மின் நிலையங்கள். அவற்றின் உற்பத்தியை வேகமாக இறக்கி, விளக்குகள் திரும்ப எரிந்தபோது அதே வேகத்தில் ஏற்றினார்கள். அந்த இரவு உங்கள் பயிற்சித் தரவில் இருந்தால், மாடல் 'ஞாயிறு இரவு 9 மணி ஆபத்து' என்று படித்துவைத்திருக்கக் கூடும். இல்லையென்றால், அது போன்ற ஒன்றை அதற்குத் தெரியவே தெரியாது. இரண்டும் சரியில்லை. இத்தகைய நாட்களைப் பயிற்சியிலிருந்து பிரித்து, தனி சோதனைத் தொகுப்பாக வையுங்கள். அங்கே மாடல் தவறலாம். தன் நிச்சயமின்மையைக் கூட்டிச் சொல்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யூனிட் டிரிப் ஆகும் கணத்தை எந்த மாடலும் கணிக்காது. மேட்டூரில் 600 மெகாவாட் யூனிட் எந்த விநாடியில் நிற்கும் என்பது அதிர்வெண்ணின் கடந்த காலத்தில் எழுதப்பட்டிருக்காது. ஆனால் நின்ற பிறகு எவ்வளவு வேகமாக அதிர்வெண் இறங்கும் என்பதை இயற்பியலே சொல்லிவிடும். சுழலும் இயந்திரங்களில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றலின் இரு மடங்கால், இழந்த மெகாவாட்டையும் 50-ஐயும் பெருக்கி வந்ததை வகுத்தால் விநாடிக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்பது வரும். கிரிட்டில் 8 லட்சம் மெகாவாட்-விநாடி ஆற்றல் இருப்பதாக வைத்துக்கொண்டால், 600 மெகாவாட் இழப்புக்கு விநாடிக்கு 0.019 ஹெர்ட்ஸ் வீழ்ச்சி. சூரிய மின்சாரம் நிறைந்த மதியத்தில் அனல் யூனிட்கள் பல ஓய்வில் இருந்து, ஆற்றல் 5 லட்சம் என்று குறைந்தால் அதே இழப்புக்கு 0.03. இந்தச் சமன்பாட்டை மாடலுக்கு வெளியே தெரிந்த அறிவாகக் கொடுத்துவிட்டு, மாடல் அந்த ஆற்றலை மட்டும் மதிப்பிடட்டும். சூரிய உற்பத்தி, காற்றாலை உற்பத்தி, மொத்த லோடு மூன்றும் இருந்தால் மதிப்பீடு ஓரளவு நிற்கும். இதே சமன்பாட்டைக் கொண்டு செயற்கையாகச் சில நூறு சம்பவங்களை உருவாக்கிப் பயிற்சியில் சேர்க்கலாம்.

ஒரு யூனிட் மட்டும் போகும் என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஒரு மின்னலுக்குப் பின் கடல் காற்றாலை ஒன்றும் எரிவாயு நிலையம் ஒன்றும் அடுத்தடுத்து உற்பத்தியை இழந்தன, சின்னச் சின்ன ஜெனரேட்டர்களும் கூடவே விலகின. அதிர்வெண் 48.8-க்கு இறங்கி, பத்து லட்சம் பேருக்குமேல் கரண்ட் போனது. செயற்கைச் சம்பவங்களில் இரட்டை இழப்பும் மும்மடங்கு இழப்பும் இருக்க வேண்டும்.

2013 டிசம்பருக்கு முந்தைய தென்னகத் தரவு யாரிடமாவது கிடைத்தால் ஆசைப்பட்டுச் சேர்க்க வேண்டாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே கிரிட் விழுந்தபோது சேலத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததற்குக் காரணம், அப்போது நாம் நேர்மின் (டி.சி.) இணைப்பு வழியாக மட்டுமே சேர்ந்திருந்தோம், அதிர்வெண் தனி. அது வேறொரு சின்ன கிரிட். அதன் பாடம் இதற்குப் பொருந்தாது.

அறிகுறி: பேட்டரி நிலைகொள்ளாமல் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிரிட்டோடு இணைந்திருக்கும்போது 5 கிலோவாட் பேட்டரியால் அதிர்வெண்ணை அசைக்க முடியாது. ஆகவே அந்த நிலையில் ஆட்டம் வந்தால் அது கட்டளையின் ஆட்டம். அசையா எல்லையின் (பேட்டரி எதுவும் செய்யாமல் இருக்கும் அதிர்வெண் வரம்பின்) விளிம்பில் அதிர்வெண் நிற்கும்போது கட்டளை போவதும் வருவதுமாக இருக்கும். நம் விதிகளில், ஜெனரேட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு ±0.03 ஹெர்ட்ஸ் அசையா எல்லை உண்டு. நீங்களும் அதையே வைத்துக்கொண்டு, உள்ளே நுழைய ஓர் அளவு, வெளியே வர வேறோர் அளவு என்று பிரித்துவிடுங்கள். எல்லையைத் தாண்டியதும் முழு 5 கிலோவாட்டும் பாயாமல், விலகலுக்கு ஏற்ற விகிதத்தில் ஏறட்டும். மேட்டூரின் 210 மெகாவாட் யூனிட் 5 சதவீத ட்ரூப்பில் (அதிர்வெண் 5 சதவீதம் விலகினால் முழுத் திறனும் மாறும் என்ற விகிதம்) 0.1 ஹெர்ட்ஸ் விலகலுக்குத் தன் திறனில் 4 சதவீதம், அதாவது 8.4 மெகாவாட் கூட்டும். அந்த விகிதமே உங்களுக்கும் தொடக்கம். பேட்டரி வேகமானது என்பதால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

எஸ்டேட் பக்கம் மட்டும் இன்னொரு காரணம் இருக்கலாம். கடைக்கோடி ஃபீடரில் பேட்டரி மின்சாரத்தைத் தள்ளும்போது வோல்ட்டேஜ் ஏறும், இன்வெர்ட்டர் தன் பாதுகாப்புக்காக விலகும், வோல்ட்டேஜ் இறங்கியதும் திரும்ப வரும். அதிர்வெண் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தால் இது புரியவே புரியாது. பக்கத்தில் வோல்ட்டேஜ் பதிவையும் வையுங்கள்.

கரண்ட் போய், ஜெனரேட்டரும் பேட்டரியும் மட்டும் சேர்ந்து எஸ்டேட்டை ஓட்டும் நிலை முற்றிலும் வேறு. அங்கே 5 கிலோவாட் பெரிய ஆள். 30 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் சுழற்சியில் 30 கிலோவாட்-விநாடி ஆற்றல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காபிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பரின் மோட்டார் நின்று 3 கிலோவாட் லோடு குறைந்தால் அதிர்வெண் விநாடிக்கு 2.5 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறும். மீட்டர் ஒரு விநாடிச் சராசரி எடுத்து, வைஃபையில் கணினிக்கு அனுப்பி, மாடல் யோசித்து, கட்டளை இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் கதையே மாறியிருக்கும். தாமதமாக வரும் உதவி அடுத்த ஆட்டத்தைத் தூண்டும். மாடலை வேகமாக்கி இதைத் தீர்க்க முயலாதீர்கள். அதிர்வெண்ணைப் பார்த்து உடனே செயல்படும் ட்ரூப் இன்வெர்ட்டரின் உள்ளேயே இருக்க வேண்டும். மாடலின் வேலை, நிமிடத்துக்கு ஒரு முறை பேட்டரி எந்த அளவில் நிறைந்திருக்க வேண்டும், எவ்வளவு இருப்பு ஒதுக்க வேண்டும் என்று சொல்வதோடு முடிகிறது.

தேசிய கிரிட்டிலும் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது. முதல் விநாடிகளில் அந்தந்த நிலையத்தின் கவர்னர் தானாக எழும். அதன்பின் மையத்திலிருந்து 4 விநாடிக்கொரு முறை போகும் தானியங்கி உற்பத்திக் கட்டளை. அதற்கும் பின் மனிதர்கள் திட்டமிடும் இருப்பு. 2017 டிசம்பர் 14 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 560 மெகாவாட் யூனிட் ஒன்று நின்றபோது, வெகுதூரத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவில் இருந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி சில விநாடிகளுக்குள் சுமார் 7 மெகாவாட் கொடுத்தது. அதற்குக் கணிப்பு எதுவும் தேவைப்படவில்லை, அதிர்வெண் இறங்கியதைப் பார்த்தது, கொடுத்தது. மெஷின் லேர்னிங்குக்கு உண்மையான இடம் மூன்றாவது படியில் இருக்கிறது. எவ்வளவு இருப்பு, எந்த நேரத்தில், எங்கே என்ற கேள்விகளில் அது நிஜமாகவே காசை மிச்சப்படுத்தும்.

இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிரிட் மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் ஃபீடரிலிருந்து துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பை எந்தச் சோதனைக்காகவும் அணைக்காதீர்கள். மாடல் நன்றாக ஓடுகிறது, ஒரு நிமிடம்தான் என்றாலும் வேண்டாம். மலை லைனில் கம்பத்தின்மேல் ஏறி நிற்கும் வயர்மேனுக்கு, கீழே ஓர் எஸ்டேட்டில் பேட்டரி இருப்பது தெரியாது.

அறிகுறி: பேட்டரி மதியத்துக்குள் காலியாகிவிடுகிறது

சராசரி அதிர்வெண் எல்லா நாளும் சரியாக 50-இல் நிற்பதில்லை. சில மணி நேரம் 49.96 பக்கமே இருந்தால் பேட்டரி கொடுத்துக்கொண்டே இருக்கும். அதோடு ஏற்றி இறக்குவதில் இழப்பு உண்டு, ஏறுவதும் இறங்குவதும் சமமாக இருந்தாலும் மெல்லக் காலியாகத்தான் செய்யும். அதிர்வெண் அசையா எல்லைக்குள் இருக்கும் நேரங்களில் 50 முதல் 60 சதவீத நிலைக்கு மெதுவாகத் திரும்பும்படி ஒரு சின்னக் கட்டளை சேருங்கள். மாடலுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. அடுத்த ஒரு மணி நேரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொன்னால், அதற்கேற்ப முன்கூட்டியே நிரப்பிவைக்கலாம்.

அறிகுறி: ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் மாடல் சிமுலேட்டரில் நல்ல பிள்ளை, வெளியே வந்ததும் தாறுமாறு

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கில் மாடல் தானே செய்துபார்த்து, கிடைக்கும் பரிசுப் புள்ளியை வைத்துக் கற்கிறது. அந்தப் பரிசுப் புள்ளியில் கிரிட் அதிர்வெண்ணை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மேலே சொன்னபடி 5 கிலோவாட்டால் அது அசையாது. தன் செயலுக்கும் பரிசுக்கும் தொடர்பே இல்லாத இடத்தில் மாடல் இரைச்சலைத்தான் கற்கும். பரிசை, ட்ரூப் கேட்ட அளவை எவ்வளவு துல்லியமாகக் கொடுத்தோம், பேட்டரியை எவ்வளவு தேய்த்தோம் என்பவற்றுக்கு மாற்றுங்கள். சிமுலேட்டரில் தாமதமும் மீட்டர் இரைச்சலும் விடுபட்ட அளவுகளும் இருக்க வேண்டும். மாடலின் வெளியீட்டை எப்போதும் ட்ரூப் மதிப்பிலிருந்து ஒரு சின்ன எல்லைக்குள் மட்டுமே அனுமதியுங்கள். இரண்டு மீட்டரும் ஒத்துப்போகவில்லை என்றாலோ ஐந்து விநாடி அளவு வரவில்லை என்றாலோ, மாடலைக் கேட்காமலே வெறும் ட்ரூப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.

அறிகுறி: மாதங்கள் போகப்போகக் கணிப்பு மெல்லத் தேய்கிறது

காற்றுக் காலமா என்று முதலில் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை நம் மாநிலத்தின் காற்றாலைகள் முழுவீச்சில் ஓடும்போது கிரிட்டின் குணமே மாறும். பனிக்காலத் தரவில் பயின்ற மாடல் அங்கே தடுமாறுவது இயல்பு. குறைந்தது ஒரு முழு ஆண்டுத் தரவு வேண்டும். அடுத்தது விதிமாற்றம். அட்டவணையிலிருந்து விலகுவதற்கான கட்டண விதிகள் 2022 டிசம்பர் 5 முதலும், புதிய கிரிட் விதித்தொகுப்பு 2023 அக்டோபர் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன. கட்டணம் மாறினால் மின்நிலையங்களும் மாநிலங்களும் நடந்துகொள்ளும் விதம் மாறும், அதிர்வெண்ணின் பரவலும் மாறும். இந்தத் தேதிகளைத் தாண்டிய பயிற்சித் தரவு என்றால், தேதிக்கு முன், பின் என்று ஒரு குறியீட்டை உள்ளீடாகச் சேருங்கள், அல்லது முந்தையதை விட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை, கடந்த ஏழு நாள் பிழையை அந்த எளிய நாள்வாரிச் சராசரியின் பிழையோடு ஒப்பிடுங்கள். மாடல் அதைவிட மோசமாக வரும் வாரத்தில், புதிதாகப் பயிற்றுவிக்கும் முன் ஏற்காட்டு மீட்டரின் ஆன்டெனா கூரையில் இருக்கிறதா, கடிகாரச் சில்லின் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.